படத்தில் என் நிறம்

"நீயெல்லாம் பிளேன் ஏறி என்ன கண்ணு பாக்கப் போற?" என்று முதலாளியம்மா திருப்பூரிலேயே கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். முதலாளியம்மாவின் பனியன் கம்பெனியில் சாயத்துணியின் நிறத்தை ஷேடு கார்டு என்ற நிற மாதிரி அட்டையோடு ஒப்பிட்டு ஓகே சொல்வது என் வேலை. அதே கம்பெனியில் அம்மா பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறாள். சிங்கப்பூரில் நான் நிற்கும் ஒரு படத்தை அவளுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆபீஸ் ஆட்களை அங்கே சுற்றுலா கூட்டிப்போனார்கள். அழகுசாதனக் கடை ஒன்றில் சன்ஸ்கிரீன் வாங்கிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா பவுண்டேஷன் ஷேடு கார்டை எடுத்து என் கன்னத்தில் வைத்து, துணியைப் பார்ப்பது போல விளக்கடியில் முகத்தைத் திருப்பினார்.

"கார்டுலயே இல்ல இந்தக் கலரு. ரிஜெக்ட்! மறுபடி சாயத்துல முக்கோணும்."

"சாயப்பட்டறைக்காரனே வேண்டாம்னு திருப்பி அனுப்பிருவானுங்க, அக்கா," என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். மொழி புரியாத விற்பனைப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் கடற்கரையில் குழுப்படத்துக்கு நின்றோம்.

"நீ வெளிய வா கண்ணு, படம் இருட்டடிக்குது. நீயே எடுத்துக் குடு," என்று முதலாளியம்மா தன் போனை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அவர் நீட்டிய கை அப்படியே இருக்க, சன்ஸ்கிரீனை எடுத்து நிதானமாக முகத்தில் பூசினேன். வழியில் போன ஒருவரிடம் என் போனைக் கொடுத்துத் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்தே அம்மாவுக்கு அதை அனுப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி பேசியும் அனுப்பினேன்: "அம்மா, இனி அந்தக் கம்பெனிக்கு நீ போகாத. நானும் போகப் போறதில்ல."