இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரே தமிழ்

தவமணி அக்கா போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஃபாரஸ்ட் கேட் ரத்தினம் அண்ணை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் கடைத்தெருவில் மீன் வாங்க நின்றேன். "தம்பி, எங்கட தவமணி நித்திரையிலயே போட்டா" என்றார். ஒருகாலத்தில் வானொலியில் அக்காவைப் படிச்ச திமிர் பிடித்தவர் என்று ஏசிய அதே மனிதர் விம்மினார். நான் மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் சின்ன வானொலியின் சனிக்கிழமைக் காலை நேயர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்தால், வேட்பாளர்களின் விவாதத்தைப் பகுதி பகுதியாகத் தமிழில் சொல்பவர் அவர். மனோர் பார்க்கில் ஒரு பல் வைத்தியரின் அறைக்கு மேலே எங்கள் ஒலிபரப்புக் கூடம். கீழே பல் துளைக்கும் சத்தம் கேட்டால், "அங்கயும் ஒருத்தர் வாயைத் திறந்துபோட்டு மாட்டுப்பட்டிட்டார்" என்பார். லண்டனில் இருக்கும் எங்களுக்கு அமெரிக்கத் தேர்தல் எதற்கு என்று கேட்டால், வாக்கு இல்லாத இடத்தில்தான் மனம்விட்டுச் சண்டை பிடிக்கலாம் என்று சிரிப்பார்.

ஒரு தேர்தலில் ஒருவர் பேராசிரியரைப் போல நீட்டி நிறுத்திப் பேசினார். மற்றவர் தெருவில் கண்ட ஆளிடம் கதைப்பதுபோலப் பேசினார். முன்னவரை மேட்டுக்குடி என்று பின்னவர் நக்கலடித்தார். பின்னவருக்குப் புத்தகமே ஆகாது என்று முன்னவர் சொன்னார். அக்கா முன்னவரைச் செந்தமிழிலும் பின்னவரை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனார். கூடத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலியைக் கவனித்தபடி இருந்த எனக்கு அது மிக இயல்பாகத்தான் பட்டது. விவாதம் முடிந்ததும், அப்போது வெறும் நேயராக இருந்த ரத்தினம் அண்ணை தொலைபேசியில் வந்தார். "ரெண்டாவது ஆள் எங்கட மனிசன் தங்கச்சி. மற்றவர் படிச்ச திமிர்." அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

அக்கா தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி யோசித்தார். "அந்தாள் பெரிய பணக்காரன்ர பிள்ளை. மற்றவர் படிச்ச மாதிரிப் பள்ளிக்கூடத்திலதான் அவரும் படிச்சவர். அவரை எங்கட மனிசன் ஆக்கினது நான்தான்" என்றார்.

அடுத்த விவாதத்தில் எனக்குக்கூடச் சொல்லாமல் தமிழை மாற்றிப் போட்டார். பேராசிரியர் மாதிரியானவர் "இஞ்ச பாருங்கோ" என்று தொடங்கினார். மற்றவர் செந்தமிழில் கோயில் பிரசங்கம் செய்தார். ரத்தினம் அண்ணை மறுபடி வந்தார். "முதலாவது ஆளும் பிழையில்லை. இண்டைக்கு மனிசர் மாதிரிக் கதைச்சார்." அப்போதுதான் அக்கா தான் செய்ததை நேயர்களிடம் சொன்னார்.

எரிமலைதான். "எங்களைச் சோதினை எழுத வைச்சனீங்களோ? நானும் கணக்காளர்தான்! உங்களுக்குத்தான் படிச்ச திமிர்!" என்று கத்தினார் ரத்தினம் அண்ணை. அக்கா, "ஓம் அண்ணை, அது திமிர்தான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார். எங்கள் நிர்வாகி அவ்வளவு லேசில் மன்னிக்கவில்லை. இன்னொரு கிழமை பார்ப்போம், பிறகு அந்த நேரத்தில் பாட்டுத்தான் என்றார். அக்காவின் முகம் அன்று விழுந்ததுபோல் நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே அவர் கிழமை முழுவதும் உயிர்ப்போடு இருந்தார்.

அடுத்த கிழமை அவர் ரத்தினம் அண்ணையையே கூடத்துக்கு அழைத்து வந்து ஒலிவாங்கியின் முன் இருத்தினார். "நான் ஒராளைக் கூட்டியோ குறைச்சோ சொன்னால் மேசையில தட்டுங்கோ" என்றார். அண்ணை தாராளமாகத் தட்டினார். நேயர்களுக்கு விவாதத்தைவிடத் தட்டுத்தான் பிடித்தது. இரண்டு வேட்பாளர்களும் ஒரே தமிழில், நாங்கள் வீட்டில் கதைக்கும் தமிழில், பேசினார்கள். ஒருவரின் புளுகும் தெரிந்தது, மற்றவரின் மழுப்பலும் தெரிந்தது. திமிர் இரண்டு பக்கத்திலும் இருந்தது, நல்ல யோசனையும் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் இருந்தது. பாட்டு நிகழ்ச்சி வேறு நேரத்துக்குப் போயிற்று. அண்ணை அதன்பிறகு எந்தத் தேர்தலையும் தவறவிடவில்லை. வேட்பாளரைப் பார்த்து யாராவது முந்திச் சிரித்தால் அக்கா தடுப்பார்: "அந்தாள் என்ன சொன்னவர் எண்டு முதல் கேப்பம். எப்பிடிச் சொன்னவர் எண்டு பிறகு சிரிப்பம்."

இறுதி நிகழ்வில் ரத்தினம் அண்ணை ஒரு தாளோடு எழுந்தார். "பாரெல்லாம் போற்றும் பைந்தமிழ்ச் செல்வியே" என்று தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவும் சிரித்திருப்பார். அண்ணை என்னைப் பார்த்தார். முன்னால் இருந்த மேசையில் தானே ஒருமுறை தட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்தார். "தங்கச்சி, நீங்கள் சொன்னதெல்லாம் எங்களுக்கு விளங்கினது" என்றுவிட்டுத் தன் இடத்தில் இருந்துவிட்டார்.

மொழிபெயர்த்தே வாழ்ந்த ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நிறைவாக வாழ்ந்து நிறைவாகப் போனார். எனக்கு அழுகை இருக்கிறது, மனக்குறை இல்லை. அடுத்த தேர்தலுக்கு அவருடைய கதிரையில் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய தமிழ் என்னிடம் இல்லை. முதலில் கேட்பது, பிறகு சிரிப்பது என்ற அந்த ஒழுங்கை மட்டும் வைத்திருக்கிறேன். தட்டுவதற்கு ரத்தினம் அண்ணை பக்கத்தில் இருப்பார்.