‘அம்மா, தண்ணி’ன்னு சொல்லும் சாஃப்ட்வேர்

நாலு வயசாகியும் என் பையனுக்குப் பேச்சு வரல. பழைய லேப்டாப்புல ஒரு சாஃப்ட்வேர்தான் அவனுக்காகப் பேசும். அவன் படத்தைக் காட்டுவான், நான் மவுஸை அமுக்குவேன், அது “அம்மா, தண்ணி”ன்னு சொல்லும்.

போன வாரம் அந்த லேப்டாப் செத்துப்போச்சு.

இன்னைக்குப் பெரம்பலூர் கடையில புது லேப்டாப்புல அந்த சாஃப்ட்வேரை ஏத்திப் பார்த்தாங்க. படம் வந்துச்சு, குரல் வரல.

“இது பழைய விண்டோஸ் செவன்ல ஓடுறது, விண்டோஸ் லெவனுக்கு ஒத்துவராதுக்கா. புது ஆப் போட்டுத் தரேன், இதைவிட நல்லாப் பேசும்”னார் கடைக்காரர்.

அது பேசினதும் பையன் காதைப் பொத்திக்கிட்டான்.

வீட்டுல தண்ணிப் படத்தைக் காட்டினான். டம்ளரை நீட்டினேன், வாங்கல. அந்தக் குரலுக்காகக் காத்திருந்தான்.

கடைசியில நானே அதே மாதிரி இழுத்து “அம்மா, தண்ணி”ன்னேன். குடிச்சுட்டான்.

யார் வீட்டுப் பரண்லயாவது விண்டோஸ் செவன் லேப்டாப் கிடந்தா சொல்லுங்க. என்னை நானே எத்தனை நாளைக்குங்க அம்மான்னு கூப்பிட்டுக்கிறது?