கண்ணாடி பார்த்து ஓட்டிய திருடன்

சூலூர் ஷோரூமில் புதுக் காருக்குள் ஏறியதும் சீட்டின் ரெக்சின் வாசம் முகத்தில் அடிக்க, அதே இடத்தில் முன்பு இருந்த சினிமா தியேட்டருக்குள் போய்விட்டேன்; அங்கேயும் ரெக்சின் சீட்டுகள்தான், எல்லாம் கிழிந்தவை, சுவருக்கு அப்பால் ஓயாத தறிச் சத்தம், ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு வரிசை வரிசையாக லாரி டிரைவர்கள், அவர்களில் ஒருவராக என் அப்பா, பக்கத்தில் பாவாடை சட்டையில் நான்.

எந்தக் கதாநாயகன் திரையில் வண்டி ஓட்டினாலும், "ஸ்டியரிங்கை அப்படி ஆட்டாதீங்க தம்பி, வண்டி பள்ளத்துல போயிருமுங்க" என்று தியேட்டரே நக்கலடிக்கும். அன்று வந்த நடிகரோ நகைக்கடையைக் கொள்ளையடித்துவிட்டு நெடுஞ்சாலையில் தப்பும் திருடன். பின்னால் போலீஸ் துரத்த, முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்கு முன்னால் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார்.

"நெசமாலுமே ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்க இது!" என்று அப்பா எழுந்து நின்று, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு விசிலடித்தார், எழுந்த ஆரவாரத்தில் தறிச் சத்தமே கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்தத் திருடனாக நடித்தவரை விட்டால் வேறு நடிகர் இல்லை.

இன்று அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், கையை வெளியே நீட்டினேன், வண்டியை ரோட்டில் ஏற்றினேன். அப்பா பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு விரலை வாய்க்குள் விட்டார்.