உருளாத டயர்

"ஸ்டெப்னியா? புதுசுங்க, ஒரு தடவைகூடக் கீழ எறங்கல" என்று எவனாவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இறங்கவில்லை, சரி, வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டால் முழிப்பான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திக்கு முன்னால் நான் போய் நிற்பது கார் நிற்கிற இடத்தில்தான். குனிந்து அந்த ஐந்தாவது டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பன்னிரண்டு வருஷம் ஒரு ஸ்டெப்னியைச் சாமி மாதிரி கும்பிட்டு, அதாலேயே ஓர் உயிரைப் போக்கியவன் நான்.

நாற்பத்தொன்பதில் திருமயத்துக்குப் பக்கத்து ஊரில், ஒரு செட்டியார் வீட்டில் டிரைவராகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. வல்லத்திராக்கோட்டையில் எங்கள் குடும்பத்தில் ஏர் பிடிக்காத முதல் ஆள் நான்தான், அதனால் மண்டைக்கனம் கொஞ்சம் கூடுதல். முதலாளிக்கு மலாயாவில் வியாபாரம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வந்து நாலைந்து மாதம் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் ஒரே மகளும்தான். ஆச்சி என்றதும் பல் போன கிழவி என்று நினைக்க வேண்டாம். அந்த வீடுகளில் கல்யாணமான பெண்ணை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அப்போது ஆச்சிக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம்.

அந்தச் சமயம் டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளி மெட்ராஸில் யார் யாரையோ பிடித்து ஐந்து டயர் வாங்கி அனுப்பினார். அதில் நாலும் காருக்கு அடியில் போயின. ஐந்தாவதைக் காரின் முதுகில் மாட்டிக் காக்கிக் கித்தான் உறை போட்டேன். கப்பலுக்குக் கிளம்பிய அன்றைக்கு அந்த உறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆச்சியை நடுவழியில் நிறுத்திவிடாதே, அதற்குத்தான் இது, என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கொடுத்த சாமான்கள், பித்தளையும் பீங்கானுமாக, அறை அறையாக அடுக்கிப் பூட்டிக் கிடக்கும். புழங்காத சாமான் புதுச் சாமான். இருபது வருஷம் இருட்டில் கிடந்த அண்டாவை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, அடுத்த பெண்ணுக்குப் புதுசு என்று சீர் வைப்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, பித்தளைக்கு அது சரி. ஐந்தாவது டயரும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைக் கழற்றிக் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். கருகருவென்று மின்னும். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, காருக்கு முன்னால் சாய்த்து வைப்பேன். ஆச்சி தீபம் காட்டும்போது டயருக்கும் காட்டுவார்கள்.

எண்ணெய் ரப்பரைத் தின்னும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு மயிரும் தெரியாது எனக்கு. அதே ஆச்சி தை மாதம் பெட்டியிலிருக்கும் பட்டுச் சேலையெல்லாம் வெளியே எடுத்து, மடிப்பு மாற்றி மடித்து வைப்பார்கள். கட்டாமலே வைத்திருந்தாலும் பழைய மடிப்பில் பட்டு இற்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை வருஷம் தவறாமல் நான் பார்த்துக்கொண்டே கார் துடைத்தேன். பட்டுக்கு உண்டான கதிதான் ரப்பருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஐம்பத்தாறில் மகள் கல்யாணத்துக்காக ஓடித் தேய்ந்த நாலு டயரையும் மாற்றினோம். பட்டன் என்போமே, ரோட்டைக் கவ்வுகிற அந்தக் கட்டைகள், அவை அடியோடு போய் நாலும் மொட்டையாகியிருந்தன. ஸ்டெப்னியையும் மாற்றிவிடலாமா, ஏழு வருஷம் ஆச்சே என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"உருளாத டயர் புதுசுதானேப்பா. அதுக்கு எதுக்கு மாத்து?" என்றார்கள் ஆச்சி.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புது டயரில் பூனை மீசை மாதிரி சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். ஏழு வருஷத்துக்குப் பிறகும் அந்த மீசை அப்படியே இருந்தது. இதைப் பழசு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அன்றைக்கு அதையும் அடியில் மாட்டி, ஐந்தையும் முறை வைத்து ஓட்டியிருந்தால் மற்றவற்றோடு அதுவும் தேய்ந்து கழிந்து போயிருக்கும். இந்தக் கதையே இல்லை.

ஐம்பத்தொன்பதில் ஒரு நாள் புதுக்கோட்டையில் பஞ்சர் ஒட்டக் காரை நிறுத்தினேன். டயர் கடை பாய் கட்டுமாவடிப் பக்கத்துக்காரர். கடலோரத்தில் லாரி ஓட்டிக் கால் ஒடிந்த பிறகு கடை வைத்தவர், பேச்சு அதிகம் கிடையாது. அவராகவே ஸ்டெப்னியின் உறையைக் கழற்றிப் பக்கவாட்டில் நகத்தை அழுத்தினார். நகம் பதியவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் ரப்பரை விரித்துக் காட்டினார். விளிம்பைச் சுற்றி முடி முடியாக வெடிப்பு. காய்ந்த கண்மாய் மாதிரி.

"இது ரப்பர் இல்ல தம்பி, அப்பளம். ஓடுனாத்தான் வயசாகும்னு இல்ல, நின்னாலும் ஆகும். வெயிலும் எண்ணெயும் சேந்து தின்னுருக்கு. கழட்டிப் போட்டுருங்க. போடாட்டி, மறந்தும் முன்னால மாட்டிறாதீங்க."

டயர் விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். ஆனாலும் ஷெட்டுக்கு வந்து தனியாக உறையைக் கழற்றிப் பார்த்தேன். வெடிப்பு அங்கேதான் இருந்தது. பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்த டயர். ஆச்சியிடம் போய், நான் வைத்துக் காப்பாற்றிய லட்சணம் இதுதான் என்று எப்படிச் சொல்வது? என் மண்டைக்கனம் விடவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு விளக்குக் கரியைச் சுரண்டி எடுத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து வெடிப்பு வெடிப்பாகப் பூசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்பார்களே, அவனுக்கு நான் அண்ணன். அன்றைக்குப் பார்த்து ஆச்சி தீபத்தைக் கீழே வைத்துவிட்டு, டயரெல்லாம் நல்லா இருக்காப்பா என்று கேட்டார்கள். புதுசு கணக்கா இருக்கு ஆச்சி என்றேன். அடுத்த வருஷமும் பூசினேன். அடுத்த வருஷமும் கேட்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது பொய், என் புளுகு ஒன்றரை வருஷம் தாங்கியது.

அறுபத்தொன்று பங்குனிக் கடைசியில் முதலாளி மலாயாக் கடையை ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தார். இனிமேல் கப்பல் ஏறுவதில்லை என்றார். அன்றைக்கு ஆச்சி முகத்தைப் பார்க்கணும். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் ஆறு வருஷம் தேறாது என்று சமையல்காரம்மா சொல்வாள். மகளும் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். இனிமேல் இவர்தான் இருக்கிறார் என்று ஆச்சி வீடு முழுக்கத் திறந்து போட்டுக் கழுவிவிட்டார்கள். பூட்டிக் கிடந்த பீங்கான் தட்டுகளை இறக்கி, அவருக்கு அதில்தான் பலகாரம் வைத்தார்கள்.

அப்படிப் பதினேழு நாள் இருந்தார்கள்.

சித்திரை வெயில் ஏறுகிற நேரம். காலைப் பலகாரம் முடிந்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. உள்ளூர் டாக்டர் ஓர் ஊசி போட்டுவிட்டு, நிற்காமல் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அரைமணிக்குள் போனால் பிழைத்துக்கொள்வார் என்றார். பின் சீட்டில் ஆச்சி உட்கார, அவர் தலையை மடியில் வைத்துப் படுக்கவைத்தோம். கிளம்பினேன்.

நாலாவது மைலில் முன்பக்க இடது சக்கரம் இறங்கியது. மாட்டு லாடத்து ஆணி. வேறெதையும் நான் யோசிக்கவில்லை. ஜாக்கி போட்டு, உறையைக் கழற்றி, அந்த ஸ்டெப்னியை அதே முன்சக்கரத்தில் மாட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாய் சொன்னது நட்டு முறுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, இதைப் பின்னால் போட்டிருக்கலாம். இன்னொரு பத்து நிமிஷம் ஆகும். உள்ளே அவர் முனகினார். தாங்கிரும், தாங்கிரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். விட்ட நேரத்தைப் பிடிக்க விரட்டவும் செய்தேன்.

தார் ரோடு கொதித்துக் கிடந்தது. மூன்று மைல் தாங்கியது. அப்புறம் கோயில் அதிர்வேட்டு மாதிரி ஒரு சத்தம். ஸ்டீயரிங் என் கையை உதறிக்கொண்டு இடது பக்கம் இழுத்தது. கார் ரோட்டை விட்டு இறங்கிப் புளிய மரத்து வேரில் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் முன் அச்சு வளைந்து, சக்கரம் கோணிக்கொண்டது. இனி அந்தக் கார் நகராது.

முதலாளி கண்ணைத் திறந்தார்.

"என்னப்பா சத்தம்?"

"டயருங்க."

"ஸ்டெப்னி இருக்குல்ல. நான் வாங்குனது. புதுசு. அத மாட்டு" என்றார்.

முதல் பஞ்சரே அவருக்குத் தெரியாது. மாட்டுறேங்க என்றேன். அவர் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் செருப்பை விட்டுவிட்டுப் புதுக்கோட்டை திசையில் ஓடினேன். ஒரு மாட்டு வண்டி எதிரே வந்தது, அதை நம்பிப் பயனில்லை என்று தாண்டி ஓடினேன். ஒரு மைலுக்கு மேல் ஓடி, எதிரே வந்த அரிசி லாரி ஒன்றை மறித்துக் காலில் விழாத குறையாகக் கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஆச்சி காருக்குப் பக்கத்தில், புளிய மரத்து நிழலில், அவர் தலையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தாண்டி ஓடிய மாட்டு வண்டிக்காரர்தான் இறக்கிவிட்டிருக்கிறார். வண்டிக்காரர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சி அழவில்லை. வெடித்துச் சிதறிய டயரின் துண்டு ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதை விரலால் நசுக்கி நசுக்கி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பங்காளிகள் கூடியபோது, முதலாளியின் தம்பி என் சட்டையைப் பிடித்தார். டயரைப் பார்த்து மாட்டத் தெரியாதாடா நாயே, அண்ணனைக் கொன்னுட்டியேடா என்று கையை ஓங்கினார். அடிக்கட்டும் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து ஆச்சி குரல் வந்தது.

"அவன விடுங்க. டயரு புதுசு. ஒரு நா உருண்டதில்ல. நாங் கண்ணால பாத்தது."

என் சட்டையை விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கார்ச் சாவியைக் கொடுக்க உள்ளே போனேன். ஆச்சி வெள்ளைச் சேலையில் பீங்கான் தட்டுகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையைத் தூக்காமலே கேட்டார்கள்.

"மை எந்த எண்ணெயில கொழச்சே?"

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விளக்கில் கரி பிடித்துக் கண்மை கூட்டியவர்கள். அவர்கள் கை அறியாத கறுப்பா?

"தேங்காயெண்ணெ, ஆச்சி."

தெரிந்தும் ஏன் அன்றைக்கு எல்லார் முன்னாலும் புதுசு என்று சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"அவுக புதுசுன்னு நம்பிக்கிட்டே போயிட்டாக. நா எதுக்குப்பா அத மாத்தணும்?"

ஒரு தட்டை வைத்தார்கள். இன்னொன்றை எடுத்தார்கள்.

"ஆனா வருசா வருசம் நாங் கேட்டேனேப்பா."

சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, வல்லத்திராக்கோட்டைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன்.