பசை அட்டை

அம்மாவின் கால் பெருவிரலை எலி கடித்தது அம்மாவுக்கே தெரியவில்லை. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. காலையில் போர்வையை விலக்கி இரத்தத்தைப் பார்த்தவள் நான்தான். அம்மாவோ, "கொசுவா இருக்கும்டி" என்றாள். பர்மாவில் நாங்கள் குடியிருக்கும் தாமுவேயில், எங்கள் பின்சந்தில் மாடிக்காரர்கள் எறியும் குப்பையைத் தின்று கொழுத்த எலிகள். பூனையே ஒதுங்கிப் போகும்.

சில நாளிலேயே விரல் கறுத்தது. திங்கட்கிழமை அதை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் கோபத்தில் என் புருஷனை லத்தா கடைத்தெருவுக்கு விரட்டினேன்.

"நல்ல வில்லு வெச்ச பொறியா வாங்கிட்டு வாங்க. கழுத்துல விழுந்தா அப்பவே உசுரு போயிடணும். விஷம் வேணாம். சுவத்துக்குள்ள பூந்துக்கிட்டு நாள்கணக்கா சாகும்."

கடித்த எலிதான். ஆனாலும் அதைச் சித்திரவதை செய்ய எனக்கு மனசில்லை.

அவர் வாங்கி வந்தது, எலி மிதித்தால் ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை.

"பொறி சுண்டெலி அளவுலதான் இருந்துச்சு. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்களாம். இதுல நாம கொல்றதில்லையாம், பாவம் சேராதாம்."

"அப்ப யாரு கொல்றதாம்?"

உயிரைக் கொல்லக் கூசுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. நல்ல குணம்தான். அந்தக் கூச்சத்துக்குத் தோதாக ஒரு சாமானைச் செய்து விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் அம்மாவுக்கு இன்னும் ஒன்பது கால்விரல்கள் மிச்சம் இருந்தன. வேறு வழி தெரியாமல் அட்டையைக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

விடிந்தபோது எலி மாட்டியிருந்தது. நான்கு காலும் ஒரு கன்னமும் பசையில். திமிறியதில் வயிற்றுத் தோல் உரிந்து, விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் பால்கனிக்கு நழுவிவிட்டார். "அட்டையோட மடிச்சுக் குப்பையில போட்டுடு" என்று அங்கிருந்தே யோசனை வந்தது. சத்தம் கேட்டு ஏறி வந்த கீழ்வீட்டு பர்மாக்கார அக்கா, எண்ணெய் தடவிப் பிரித்து ஓட விட்டால் அமேவுக்குப் புண்ணியம் என்றாள். அமே என்றால் அவள் பாஷையில் அம்மா; என் அம்மாவை அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். தோல் போன பிராணி எங்கே ஓடும்?

"நீயாச்சும் அதை முடிச்சு விடுடி, காதால கேக்க முடியல" என்றாள் அம்மா.

அட்டையைச் சமையலறைக்கு எடுத்துப் போய் அம்மிக் குழவியை ஓங்கினேன். முதல் அடி முதுகில் விழுந்தது. அது என்னைப் பார்த்தது. அடுத்தது தாடையில். மூன்றாவதில்தான் அடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"எத்தனை அடி?"

"ஒண்ணுதான்."

அவள் தன் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை டாக்டருகிட்டயும் சொல்லிடு. ஒரே வெட்டா எடுக்கட்டும்."