டாட் காமுக்கு முன்னால் என்ன போடுவது?

போன வாரம் இடியாப்ப மாவு வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தேன். ஜபருல்லா தம்பி மாவை நிறுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

“ஹலோ... ஆமாங்க, வெப்சைட்ல இருக்கிற நம்பர்தாங்க... கம்பளியா? இல்லீங்க... சென்ட்டும் இல்லீங்க... டார்ச் லைட்டா? அதுவும் இல்லீங்க. இடியாப்ப மாவு இருக்கு, தரட்டுங்களா?”

எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

“யாரு தம்பி?”

“நீடாமங்கலத்திலேர்ந்துக்கா. துபாய் சாமான் வேணுமாம். வெப்சைட் போட்டதுலேர்ந்து இதே கதைதான்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ஹாஜிரா குரல் கொடுத்தாள். “பேசாம டார்ச் லைட்டையே வாங்கி வித்திருக்கலாம் மச்சான்!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது பாதிச் சிரிப்பு.

காரணம் இருக்கிறது. ஜபருல்லா கல்யாணமான சூட்டோடு துபாய் போனவர். இரண்டு வருஷ விசா, அது முடிந்தால் கொஞ்ச நாள் லீவு, மறுபடியும் விமானம். அப்படியே தலை நரைத்துவிட்டது. போன வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள்; ஊர் வந்து சேர்ந்தார். ஹாஜிரா அதற்கு முன்பே பச்சரிசி ஊறவைத்து, அரைத்து, சலித்து, பதமாக வறுத்து, வெளிநாடு போகிறவர்கள் கையில் மாவு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். மன்னார்குடியில் அந்த மாவுக்குப் பெயர் உண்டு. அதையே தொழிலாக்கினால் என்ன? துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம் ஆட்கள் கம்ப்யூட்டரிலேயே ஆர்டர் கொடுத்தால் என்ன? இப்படித்தான் வெப்சைட் பிறந்தது.

பிறந்ததோடு சரி... ஆர்டர் வரவில்லை. அதற்குள் பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டுவிட்டது. விசா தயார், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்கிறார்கள். வெப்சைட் எழுந்தால் அவர் இங்கே. விழுந்தால் அவர் அங்கே. அவ்வளவுதான் விஷயம்.

“பேருதான் சரியில்லன்னு வெப்சைட் செஞ்சு குடுத்த கலைவாணி சொல்லுதுக்கா” என்றாள் ஹாஜிரா. “நீங்க எழுதுறவங்கதானே... ஒரு பேரு வச்சுக் குடுங்களேன்.”

எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு தொல்லை. பிள்ளைக்குப் பெயர், வீட்டுக்குப் பெயர், இப்போது டாட் காமுக்கும் பெயர்! ஆனால் யாராவது கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். உடனே அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கலைவாணியிடம் கிளம்பிவிட்டேன்.

கலைவாணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு, வெப்சைட் செய்து தருகிறாள். அவள் பெற்றோர் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவள் எம்.சி.ஏ. படித்தாள். சென்னையில் வேலை கிடைத்தும், “நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரு செஞ்சு தருவா?” என்று திரும்பி வந்தாள். அவளை நினைத்தாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

“இப்ப இருக்கிற பேரு என்ன?” என்றேன்.

திரையில் காட்டினாள். துபாய்ஜபருல்லாஃபுட்மார்ட்டாட்காம். இடைவெளி விட முடியாதாம். ஒரே மூச்சில் சரக்கு ரயில் மாதிரி போனது.

“அன்னிக்கே சொன்னேங்க்கா. அண்ணன், கடை போர்டு மாதிரிதான் இருக்கணும்னுட்டாரு.”

அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். எந்த நாட்டுக் காசில் கடை எழும்பியதோ, அந்த நாட்டின் பெயர் போர்டில் ஏறிவிடும். குவைத் சைக்கிள் கடையில் ஒட்டுவது நம்மூர்ப் பஞ்சர். சிங்கப்பூர் டெய்லர் தைப்பது ஸ்கூல் யூனிபாரம். மலேசியாவின் பெயரில் ஒரு டீக்கடை! இதைக் கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கும். எந்த வெயிலில் நின்று சம்பாதித்தானோ, அந்த வெயிலுக்குச் சொல்லும் நன்றி அது.

“சரி, நல்ல பேருன்னா எப்படி இருக்கணும்?” என்று கேட்டேன்.

“சின்னதா இருக்கணுங்க்கா. நடுவுல கோடு, நம்பர் எதுவும் கூடாது. முக்கியமா, போன்ல ஒரு தடவை சொன்னா எதிர்ப்பக்கம் ‘என்னது?’ன்னு கேக்கக் கூடாது. கேட்டா, அந்த ஆளு அப்புறம் தேட மாட்டாரு.”

எவ்வளவு சுருக்கமான பாடம்! நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வரும் வழியில் யோசித்து வைத்திருந்ததை அவிழ்த்தேன்.

“காவிரி வளநாட்டு நறுஞ்சுவை மாவகம். எப்படி?”

ஹாஜிரா வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க... இத டைப் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள இடியாப்பம் வெந்துரும்.”

என் கைவசம் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டும் இதைவிட நீளம். அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஜபருல்லா மட்டும் இறங்கி வரவில்லை. “சின்னதாக்கணும்னா ஆக்குங்க. எம் பேர எடுத்துருங்க, மார்ட்ட எடுத்துருங்க. துபாய எடுக்காதீங்க” என்றார். “எத்தன வருஷம் கெடந்தேன் அங்க? அந்தப் பேரு இல்லாம மாவு வித்தா தெருவுல எவன் மதிப்பான்?”

குரலில் கோபம் இல்லை. நியாயம் இருந்தது. 

கலைவாணிதான் மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, இந்த வெப்சைட்ட யாரு பாக்கணும்? நம்ம தெருவா?”

“துபாய்ல இருக்கிற நம்ம ஆளுங்க.”

“துபாய்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத் துபாய் எதுக்குண்ணே?”

ஜபருல்லா திரையில் இருந்த நீளப் பெயரை மறுபடி பார்த்தார்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. பாருங்கள், மன்னார்குடியில் நிற்கிறவனுக்குத் துபாய் என்றால் கவர்ச்சி. அதனால்தான் நீடாமங்கலத்துக்காரர் டார்ச் லைட் கேட்டார். துபாயில் நிற்கிறவன் அந்தப் பெயரைத்தான் தினமும் பார்க்கிறானே! அவன் தேடுவது வேறு. ஒரே போர்டு; கடலுக்கு இந்தப் பக்கம் இழுக்கும், அந்தப் பக்கம் இழுக்காது. இது எனக்கும் தோன்றவில்லை, எங்கள் கடைத்தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது ஹாஜிரா கணவர் பக்கம் திரும்பினாள். “மச்சான், நான் மாவு குடுத்தனுப்புவேன்ல... பார்சல் வந்தா ரூம்ல என்ன சொல்லுவீங்க?”

“என்ன சொல்லுவோம்? ‘ஊர் மாவு வந்துருச்சுடா’ம்போம்.”

சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார்.  “வேதாரண்யத்துப் பையன் ஒருத்தன் இருந்தான்க்கா. திருவிடைமருதூர்க்காரர் ஒருத்தர். யாரு வீட்டுலேர்ந்து வந்தாலும் அதுக்கு ஊர் மாவுன்னுதான் பேரு. வெள்ளிக்கிழமை பிழிஞ்சு, கறி ஆணம், அதாங்க்கா கறிக்குழம்பு, ஊத்தித் தின்போம். அன்னிக்கு மட்டும் எவனும் வீட்டுக்குப் போன் பண்ண மாட்டான்... அழுதுருவோம்ல.”

ஹாஜிரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் இதுவரை கேட்டதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கலைவாணி கீபோர்டில் கை வைத்தாள். ஊர்மாவு. அவ்வளவுதான். யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் போச்சு. எங்கள் ஊர் இன்டர்நெட்டின் வேகம் உங்களுக்குத் தெரியாததா? திரையில் சக்கரம் சுற்றியது... சுற்றியது... ஜபருல்லாவின் உதடு அசைந்தது. துஆ ஓதினார் என்று நினைக்கிறேன். நான் என் பங்குக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் ராஜகோபாலனை வேண்டிக்கொண்டேன். யார் கேட்டால் என்ன?

“காலியா இருக்குண்ணே!”

அடுத்து போன் பரீட்சை. துபாயில் இருக்கும் பழைய ரூம் நண்பரை ஜபருல்லா கூப்பிட்டார். இரைச்சலான லைன். “டேய், ஊர் மாவு டாட் காம்டா!” என்று ஒரே ஒரு முறை சொன்னார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. அந்தப் பக்கம் ‘என்னது?’ என்று கேட்கவில்லை.

“ஆணமும் அனுப்புவியாடா?” என்றுதான் கேட்டது.

நாலு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியும் யோசித்துக்கொண்டே இருந்தேன். நாம் பெயர் வைக்கும்போது நம் பெருமையை வைக்கிறோம். அப்பா பெயர், பிள்ளை பெயர், போய் வந்த நாட்டின் பெயர். தப்பில்லை. ஆனால் பெயரை நாமா கூப்பிடப் போகிறோம்? கூப்பிடுகிறவன் வேறு ஆள். அவன் பசியோடு இருக்கும்போது அவன் வாயில் தானாக வருவது எதுவோ, அதுதான் நல்ல பெயர். அதைத் தேடி நறுஞ்சுவை மாவகம் வரை போக வேண்டாம்.

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே.

பெயரைப் பதிவு செய்யும்போது கலைவாணி கேட்டாள். “எத்தன வருஷத்துக்குப் போடட்டுங்க? முடிஞ்சா மறுபடி புதுப்பிக்கணும்.”

“ஒரு வருஷம் போதும்மா” என்றாள் ஹாஜிரா அவசரமாக. “மொதல்ல ஆர்டர் வரட்டும். வரலன்னா இவங்கதான் போயிருவாங்களே...”

ஜபருல்லா திரையைப் பார்த்தபடியே கேட்டார். “அதிகபட்சம் எவ்வளவும்மா குடுப்பாங்க?”

“பத்து வருஷம்ண்ணே.”

“பத்தே போடு.”

ஹாஜிரா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ‘வரவில்லை’ என்ற பதில் மாடிப்படி இறங்கும்போதே கம்பெனிக்குப் போய்விட்டது.

இரண்டு இரண்டு வருஷமாகப் பிரிந்தே குடும்பம் நடத்தியவளுக்கு, ஒரு டாட் காமில் பத்து வருஷம் மொத்தமாகக் கிடைத்துவிட்டது!