ஆடிக் காற்றில் உருக்கிய பித்தளை

ஆடி மாதம் எங்கள் பட்டறையில் உலை மூட்டுவதில்லை. அம்மன் மாதம், அதனால்தான் என்று வெளியில் சொல்லிக்கொள்வார்கள். உண்மையான காரணம் காற்று. தாராசுரத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையை ஒட்டி எங்கள் வீடு. ஆடியில் அந்தக் கரையில் அடிக்கும் காற்றுக்குக் கூரைக் கீற்றே நிற்காது, உலைக்கு மேலே போட்ட கரித்தூள் எங்கே நிற்கும்?

உருகிய பித்தளையைப் பச்சைக் குழந்தை மாதிரி போர்த்தி வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் காற்றைக் குடித்துவிடும். அப்பா அப்படித்தான் சொல்வார், குடித்துவிடும் என்று. மேலே பாலில் ஆடை கட்டுவது போல ஒரு தோல் கட்டும். உள்ளே இருக்கிற துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் பறந்து போகும். அந்தத் தோல் வார்க்கும்போது கட்டிக்குள் மடிந்து போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கட்டி தங்கம் போலத்தான் இருக்கும். சுத்தியலால் தட்டித் தகடாக்கும்போது அந்த இடத்தில் பிளந்துகொண்டு வாயைக் காட்டும். அந்தத் தகட்டில் குடம் செய்தால் ஒழுகும், அண்டா செய்தால் அடுப்பில் வைத்த அன்றைக்கே விரியும். எங்கள் பட்டறைக் கட்டி அப்படி விரிந்தது என்று கும்பகோணத்தில் ஒருவரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன் என்று இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. பித்தளையை உருக்குகிற மண் கலத்துக்கு மூசை என்று பெயர். மூசைக்குள் முதலில் கரித்தூள் போர்வை. எல்லாம் உருகியதும், வார்ப்பதற்கு முன்னால், உடைந்த வளையல் துண்டுகளை இரண்டு கை அள்ளிப் போடுவார்கள். மற்ற பட்டறைகளில் பாட்டில் கண்ணாடி போடுவார்கள். அது தடிமன், இளக நேரமாகும். வளையல் துண்டு விழுந்ததும் இளகி, பித்தளைக்கு மேலே தேன் மாதிரி பரவி மூடிக்கொள்ளும். கரித்தூளைக் காற்று அடித்துப் போகும், இந்தக் கண்ணாடியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஊற்றும்போது கம்பியால் அந்தக் கண்ணாடியை ஒதுக்கிப் பிடித்தால் அடியிலிருந்து பித்தளை மட்டும் சுத்தமாக ஓடி வரும். அச்சில் விழுந்த உடனே அதன் தலையில் உமிக்கரியைக் கொட்டி மூடிவிடுவார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் உடைந்த வளையலை யாரும் எறிய மாட்டார்கள். வளையல்காரர் தன் பெட்டியில் உடைந்ததையெல்லாம் எங்களுக்கென்று முடிந்து கொண்டுவருவார். தேர் ஓடி முடிந்த தெருவில் நாங்கள் பெண் குழந்தைகள் குனிந்து பொறுக்கிக்கொண்டு வருவோம். எழவு வீட்டு வாசலில் கிடக்கிற துண்டை மட்டும் தொடக் கூடாது. அம்மா இதை ஒரு முறைதான் சொன்னாள். சொன்ன விதத்தில் நான் ஏன் என்று கேட்கவில்லை. பொறுக்கியதெல்லாம் பட்டறை மூலையில் ஒரு பானையில் சேரும்.

எனக்கு ஏழோ எட்டோ வயது இருக்கும்போது அக்காவுக்குக் கீழ்வேளூரில் இடம் அமைந்தது. நெல் விவசாயக் குடும்பம். ஆவணியில் முதல் முகூர்த்தம் வேண்டும் என்றுவிட்டார்கள். நடவு ஆட்களுக்குச் சமைக்கிற வீடு, அதனால் சீரில் பெரிய அண்டா ஒன்றும் குடங்களும் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டே கேட்டாள். பாத்திரக்காரன் வீட்டில் பெண் எடுக்கிறவள் வேறு என்ன கேட்பாள்? புதுப் பித்தளை வாங்க வழியில்லை. அம்மா தான் சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கினாள். அவற்றை உடைத்து உருக்கிக் கட்டியாக வார்த்து, தகடாக அடித்து, அக்காவுக்குப் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. இது கெட்டுப்போனால் வேறு பித்தளை இல்லை. கல்யாணமும் அப்படியே நின்றுபோகும் என்று அம்மா நம்பினாள்.

அப்படித்தான் ஆடியில் உலை மூட்ட வேண்டி வந்தது. பட்டறை ஆள் பதினெட்டாம் பெருக்குக்குப் பூதலூருக்குப் போனவன் திரும்பவில்லை. வீட்டு ஆட்களே இறங்கினோம். அப்பா உலையில். துருத்திக் கயிற்றில் அத்தை. ஒத்தாசைக்கு மாமா.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. யாரும் கேட்காத வேலையைத் தானே இழுத்துப் போட்டுச் செய்து, செய்து முடித்த பிறகுதான் சொல்லுவார். நல்ல மனசு. அந்த நல்ல மனசுக்குப் பயந்து அம்மா பல சாமான்களை ஒளித்து வைப்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுடைய வீட்டுக்காரர் மலேயாவுக்குக் கப்பலேறிப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. எங்களோடுதான் இருந்தாள். அவள் கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரைக்கும். அம்மா கையில்கூட அத்தனை கிடையாது. வளையல்காரர் வரும்போதெல்லாம் அவளை முதலில் உட்கார வைத்துப் போட்டுவிடுவது அப்பாவின் உத்தரவு. அத்தை கயிற்றை இழுத்துத் துருத்தி ஊதும்போது அந்த வளையல்கள் ஓயாமல் சலசலக்கும். உலை சத்தத்தோடு சேர்ந்த சத்தம் அது. தொட்டியில் நனைத்த சாக்குகளைப் பட்டறையைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தோம். இருந்தும் காற்று எங்கேயோ வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தது.

மத்தியானத்துக்குள் பித்தளை உருகிவிட்டது. அப்பா மூசையின் மூடியை எடுத்தார். எடுத்த அந்தக் கணத்தில் ஒரு சாக்கு அறுந்து விழுந்தது. காற்று உள்ளே பாய்ந்து மூசையில் இருந்த கரித்தூளை வழித்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் எல்லோரும் முகத்தில் கரியோடு நின்றோம்.

"பானைய எடு மாப்ள," என்றார் அப்பா.

மாமா பட்டறை மூலையைப் பார்த்தார்.

"வளையல் பானைய எடுன்னேன்."

"அது காலியா இருக்கே அத்தான்."

"காலியாவா? ரொம்பி வழிஞ்சுதே."

"நேத்து கொல்லைச் செவுத்து மேல சுண்ணாம்பு வச்சுப் பதிச்சிட்டேன். கொய்யாக்காய ஒரு பய தொட முடியாது. நல்லா பச்சையும் செவப்புமா கோயில் கோபுரமாட்டம் இருக்கு, வந்து பாருங்களேன்."

அப்பா அவரைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. மூசையிலிருந்து வெள்ளைப் புகை நூலாகக் கிளம்பியிருந்தது. மாமா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். அவர் சுவரைக் கொத்துகிற சத்தம் கேட்டது. அம்மா வாசற்படியில் நின்று, "சும்மா ஊத்திடுங்களேன்," என்றாள். "ஊத்தினா உங்கம்மா வீட்டுப் பித்தளை அத்தனையும் ஓட்டை," என்றார் அப்பா. புகை நூலாக இருந்தது கயிறாகிவிட்டது. நான் என் கையில் இருந்த சின்ன வளையல்களைக் கழற்றி நீட்டினேன். அப்பா அவற்றை வாங்கிப் போட்டார். ஒரு மூலைகூட மூடவில்லை.

துருத்தி நின்றது. அத்தை கயிற்றை விட்டுவிட்டு எழுந்து தகடு தட்டுகிற பட்டடைக் கல்லுக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறத்தை அடியில் வைத்து, இரண்டு கையையும் தூக்கிக் கல்லின் விளிம்பில் அடித்தாள். ஒரு தடவையில் எல்லாம் உடையவில்லை. திரும்ப அடித்தாள்.

"வேணாம்மா," என்றார் அப்பா. குறடு அவர் கையில் இருந்தது, அதை விட்டுவிட்டு வர முடியாது. "சொன்னாக் கேளு. வேணாம்."

"நீங்க மூசையப் பாருங்கண்ணே. பொகை எவ்ளோ வருது பாருங்க."

முறத்தோடு கொண்டுவந்து அவளே போட்டாள். அத்தனை பச்சையும் ஒரு கொதியில் இளகிப் பரவியது. புகை நின்றது. விளக்கை ஊதி அணைத்தது போல நின்றது. மாமா வேட்டி மடியில் சுண்ணாம்பு ஒட்டிய துண்டுகளோடு வந்து, அத்தையின் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "கம்பியப் புடி," என்று அப்பா சத்தம் போட்ட பிறகுதான் மடியை உதறிவிட்டு வந்தார். வார்த்தார்கள். ஒவ்வொரு அச்சிலும் பித்தளை விழ விழ, அத்தை உமிக்கரியை அள்ளிக் கொட்டினாள். கையில் கீறல்களிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

வேலை முடிந்ததும் அம்மா உள்ளே ஓடி ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து அத்தையின் மணிக்கட்டில் சுற்றப் பார்த்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட. புருசன் கடல் தாண்டி இருக்கற பொம்பள செய்யற காரியமா இது? வெறுங்கையா நிக்கறியே."

"கல்யாணக் காரியம் அண்ணி. நல்லதுக்குத்தானே ஒடச்சேன்."

அவள் குரலில் ஒன்றும் இல்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

மறுநாள் கட்டிகளை வெளியே எடுத்தோம். அப்பா ஒவ்வொன்றையும் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். எல்லாம் மணி. தகடாக அடித்தபோது ஒன்றிலாவது ஒரு மயிரிழைப் பிளவு வரவேண்டுமே. அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இதுல செஞ்சத எப்புடிங்க பொண்ணுக்குக் குடுத்து அனுப்பறது? வளையல ஒடச்சுப் போட்ட பித்தளை," என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து வாயைத் திறக்காத அக்கா, அரிசி களைந்துகொண்டே, "எனக்கு அந்த அண்டாதான் வேணும். இல்லன்னா சீரே வேணாம், அப்புடியே போறேன்," என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. ஆவணியில் அண்டா கீழ்வேளூருக்குப் போயிற்று. இன்றைக்கும் அக்காவின் மருமகள் அதில்தான் நெல் அவிக்கிறாள்.

பின்னால் எங்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. அத்தையின் வீட்டுக்காரர் பினாங்கில் வேறொருத்தியோடு குடும்பமாகி, பிள்ளைகளோடு இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி வந்த ஒருவர் சித்திரையிலேயே அத்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா கல்யாணம் முடியட்டும் என்று இருந்திருப்பாள். செத்துப்போனவனுக்காக வளையலை உடைக்க ஊரே வந்து உட்காரும். உயிரோடு இருக்கிறவனுக்காக உடைக்க ஒருவரும் விடமாட்டார்கள். உத்தரவு போட்டு மேலே மேலே அடுக்கத்தான் செய்வார்கள். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் அத்தனையையும் போட்டுக்கொண்டு அவள் துருத்தி ஊதியிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, அத்தை எங்களுக்காக வளையலைக் கொடுத்தாள், அவளுக்குப் புதிது வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

கட்டி எடுத்த அந்த வாரமே வளையல்காரரை அம்மா கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து முற்றத்தில் பெட்டியைத் திறந்தார். அத்தை வரவில்லை, அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். நான்தான் தூது. பச்சையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். வேண்டாம் என்றாள். பச்சை அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று சிவப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதுவும் வேண்டாம். பிறகு நீலம், பிறகு பொன்னிறப் புள்ளி வைத்த கறுப்பு. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகா இருக்குடி," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசித் தடவை நான் வெளியே வந்தபோது வளையல்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் எந்தக் கைக்கு எந்த அளவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய மனுஷர். இன்னும் ஊதா காட்டவில்லையே என்று நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். "போதும் பாப்பா," என்றார். என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய், "அந்த ஆளுக்கு யாவாரமே தெரியல அத்தை. இன்னும் ரெண்டு நிறம் காட்டியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்கதானே?" என்று கேட்டேன்.

அத்தை விறகைத் தள்ளிவிட்டாள்.

"ஆமாண்டி," என்றாள். "தெரியாத மனுசன்."